நீருக்குள் நடந்தவர்கள்

நமது பள்ளிவாசல்களில் ஸஃப்பின் ஓரத்தில் கதிரைகள் கூடிக்கொண்டு வருகின்றன. முன்பு ஒன்றோ இரண்டோ கிடந்த இடத்தில் இப்போது ஒரு வரிசையே நிற்கிறது. ருகூஉவுக்கு ஒருவாறு குனியலாம், ஸுஜூதுக்கு முழங்கால் மடங்காது என்ற நிலையில் உள்ளவர்கள் அவற்றில் அமர்ந்து தொழுகிறார்கள். ஆண்களின் முழங்கால்களாவது இப்படிப் பள்ளியில் வைத்து எண்ணப்படுகின்றன. வீட்டில் கட்டிலோரத்தில் அமர்ந்து தொழும் உம்மாமாரின் முழங்கால்களை எண்ணுவாரில்லை. இத்தகையோருக்கு வைத்தியர்கள் சொல்லும் ஆலோசனைகளில் மாத்திரை, தைலம், எடை குறைத்தல் என்பவற்றோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. தண்ணீருக்குள் இறங்கி நின்று உடற்பயிற்சி செய்யுங்கள் என்பதுதான் அது. கேட்பதற்கு இலேசான யோசனை. எந்தத் தண்ணீர், அது யாருடையது, அதற்குள் யாரை இறங்க விடுவார்கள் என்ற கேள்விகள் அடுத்த கணமே வந்து நிற்கின்றன. இச்சிகிச்சையின் வரலாற்றைத் தேடி வாசித்தபோது, அந்தக் கேள்விகளும் அதனுடன் கூடவே பிறந்தவை என்பதைக் கண்டேன். அதனையே இங்கு எழுத முற்படுகிறேன்.

நோய்க்கும் நீருக்குமான உறவு மிகப் பழையது. நபி அய்யூப் (அலை) அவர்களின் வரலாற்றை நாம் அறிவோம். நீண்ட துன்பத்தின் முடிவில், காலால் தரையை உதைக்குமாறு அவர்களுக்குக் கட்டளை வருவதையும், குளிக்கவும் குடிக்கவும் குளிர்ந்த நீர் கிடைப்பதையும் ஸாத் அத்தியாயம் சொல்கிறது. நோயாளியின் கால்தான் அங்கு முதலில் அசைய வேண்டியிருந்தது என்பது என்னை யோசிக்க வைக்கும் ஒரு விடயம். இது தப்ஸீர் அல்ல. ஒரு வாசகனின் எண்ணம் மட்டுமே.

மனிதர்கள் கட்டியெழுப்பிய நீர்ச் சிகிச்சையோ நெடுங்காலம் வேறு வழியிலேயே சென்றது. இப்னு ஸீனா தமது அல்கானூனின் முதலாம் பாகத்தில் உடல் நலம் பேணும் முறைகளைக் கூறுமிடத்து, உடற்பயிற்சிக்கு ஒரு பகுதியையும் குளிப்புக்கு வேறொரு பகுதியையும் ஒதுக்குகிறார். இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன, ஆயினும் ஒன்றாகவில்லை. ஒஸ்மானியர் காலத்துப் பூர்ஸா நகரின் வெந்நீர் ஊற்றுக்களும் அப்படித்தான். அங்கு பிரதம வஸீர் ருஸ்தம் பாஷா 1552 இல் கட்டிய பெரிய குளிப்பகம், சுல்தான் சுலைமானின் வாத நோய் அந்த நீரால் தணிந்ததற்கு நன்றியாக எழுந்தது என்று சொல்லப்படுகிறது. இவ்வளவு தூரம் போவானேன்? திருகோணமலைக் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. வாளியால் அள்ளி உடலில் ஊற்றிக்கொண்டு வருகிறோம். நாரிப் பிடிப்புச் சற்று இளகுகிறது. இவை எல்லாவற்றிலும் நோயாளி சும்மா இருக்கிறார், வேலை செய்வது நீரும் அதன் சூடுமே. நோயாளியே நீருக்குள் வேலை செய்வது என்ற எண்ணம், ஒரு முறையான சிகிச்சையாக, இருபதாம் நூற்றாண்டில்தான் உருப்பெற்றது எனலாம்.

அதன் தத்துவத்தைப் பாடசாலையில் நாமெல்லோரும் படித்திருக்கிறோம். ஆர்க்கிமிடிஸ் சொன்ன மேலுதைப்பு என்பதற்கு மேல் அதில் பெரிய மர்மம் கிடையாது. இடுப்பளவு நீரில் நிற்பவரின் கால்கள் அவரது எடையில் ஏறத்தாழ அரைவாசியையே தாங்குகின்றன. நெஞ்சளவு நீரில் அது மூன்றிலொன்று அளவுக்குக் குறைகிறது. கழுத்தளவில் பத்திலொன்றுதான். அறுபது கிலோ எடையுள்ள ஓர் உம்மா நெஞ்சளவு நீரில் நின்றால், அவருடைய முழங்கால்களுக்கு அவர் இருபது கிலோ சொச்சம் எடையுள்ள ஒரு சிறுபிள்ளைதான். வெளியே படியேற மறுக்கும் முழங்கால் உள்ளே மடங்குகிறது. அதே நேரத்தில் நீர் சும்மா விட்டுக்கொடுப்பதுமில்லை. மெல்ல அசைத்தால் மெல்லத் தடுக்கும், விசையாக அசைத்தால் அதைவிட விசையாகத் தடுக்கும். எனவே பலவீனமான தசைக்கும் பலமான தசைக்கும் அது தானாகவே அளந்து வேலை கொடுக்கிறது. எல்லாப் பக்கமிருந்தும் வரும் நீரின் அமுக்கம் வீங்கிய காலுக்கு ஒரு பட்டி கட்டியது போல் உதவுகிறது. விழுந்துவிடுவோம் என்ற பயமும் குறைகிறது. சூடும் முக்கியம். சிகிச்சைத் தடாகங்களின் நீரைப் பொதுவாக 33 முதல் 36 செல்சியஸ் பாகை வரை வைத்திருப்பார்கள். அதற்குக் குறைந்தால் வலியுள்ள தசை இறுகிக்கொள்ளும்.

இந்த நவீன முறையைப் பிரபலப்படுத்திய இடம் ஐக்கிய அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் உள்ள ஒரு சிற்றூர். வோர்ம் ஸ்பிரிங்ஸ் என்பது பெயர். வெந்நீரூற்று என்றே பொருள் கொள்ளலாம், ஆனால் அங்குள்ள நீர் வெந்நீரல்ல, 31 பாகை அளவில் இதமானது. மலையில் விழும் மழை ஆழத்துக்குள் இறங்கிச் சூடாகி மீண்டும் மேலே வருகிறது. 1921 ஓகஸ்ட்டில் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் தமது 39 ஆவது வயதில் கனடாவின் கெம்பொபெல்லோ தீவில் விடுமுறையைக் கழித்துக்கொண்டிருந்தபோது கால்கள் இரண்டும் செயலிழந்தன. இளம்பிள்ளை வாதம் என்று வைத்தியர்கள் முடிவு செய்தார்கள். (அது வேறொரு நரம்பு நோயாக இருந்திருக்கலாம் என்று 2003 இல் வெளியான ஓர் ஆய்வு வாதிட்டது. அந்த விவாதம் நமக்கு இங்கு வேண்டியதில்லை.) இளைஞன் ஒருவன் அந்த ஊற்றுத் தடாகத்தில் நீந்தி நடை பெற்றான் என்ற செய்தியை நண்பர் ஜோர்ஜ் பீபொடி மூலம் அறிந்து, 1924 ஒக்டோபரில் ரூஸ்வெல்ட் அங்கு சென்றார். பழைய ஹோட்டல் ஒன்று, பழுதடைந்த சில குடில்கள், ஒரு தடாகம், அவ்வளவுதான். நெஞ்சளவு நீரில் இறங்கியபோது, உருக்குக் கவசமும் ஊன்றுகோலும் இல்லாமல் அவரால் நிற்கவும் நடக்கவும் முடிந்தது. மூன்று வருடமாக இல்லாதிருந்த ஒன்று.

அக்காலத்தில் இளம்பிள்ளை வாதத்துக்குப் பெரிதும் கையாளப்பட்ட வழி அசையாமல் வைத்திருப்பது. பிள்ளைகளின் கைகால்களை மாதக்கணக்கில் சாந்துக் கட்டிலும் மட்டைகளிலும் இறுக்கிவைத்தார்கள். எஞ்சியிருந்த தசையும் அதற்குள்ளேயே மெலிந்துபோனது. அவுஸ்திரேலியத் தாதி எலிசபெத் கெனி 1940 இல் அமெரிக்கா சென்று சூடான கம்பளி ஒத்தடத்தையும் அசைவையும் வற்புறுத்தி வைத்தியர்களோடு மல்லுக்கட்டியது தனிக் கதை. அதற்கு ஒன்றரைத் தசாப்தம் முன்பே, பட்டப்படிப்பு எதுவுமில்லாத ஒரு தடாகத்தில் அசைவு தொடங்கிவிட்டது.

ரூஸ்வெல்ட்டின் நீச்சலைப் பற்றி அட்லாண்டா நகரப் பத்திரிகை ஒன்று 1924 இல் எழுதிய கட்டுரை பல ஊர்ப் பத்திரிகைகளில் மறுபிரசுரமாயிற்று. அடுத்த வசந்த காலத்தில், யாரும் அழைக்காமலே, நாட்டின் பல பாகங்களிலிருந்தும் வாத நோயாளிகள் அங்கு வந்து இறங்கினார்கள். தூக்கிவரப்பட்டவர்களும் அவர்களுள் இருந்தார்கள். வைத்தியர் என்று அங்கு நிரந்தரமாக யாருமில்லை. பக்கத்து ஊர் வைத்தியர் ஒருவர் வந்து போனார். ரூஸ்வெல்ட்டே தசைகளின் படங்களைப் படித்து, நீருக்குள் ஒவ்வொருவருக்கும் என்ன பயிற்சி என்று தீர்மானித்துச் சொல்லிக்கொடுத்தார். டொக்டர் ரூஸ்வெல்ட் என்று தம்மைத் தாமே வேடிக்கையாக அழைத்துக்கொண்டாராம். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே மேசைகள் அமைக்கப்பட்டன. நோயாளியை அதில் கிடத்தி, பயிற்றுநர் ஒவ்வொரு மூட்டாக அசைப்பார். பிறகு நோயாளி தானே அசைப்பார். பயிற்சி முடிந்ததும் பந்து விளையாட்டு. சக்கர நாற்காலியில் வந்தவர்கள் தண்ணீருக்குள் ஒருவரையொருவர் துரத்தினார்கள்.

முதலாவது பிரச்சினை இங்கேதான் எழுந்தது. ஹோட்டலுக்கு ஓய்வு கொள்ள வந்திருந்த மற்ற விருந்தினர்கள், இவர்களோடு ஒரே தடாகத்தில் குளிக்கவும் ஒரே கூடத்தில் உண்ணவும் மாட்டோம் என்றார்கள். நோய் தொற்றிவிடும் என்ற பயம் ஒருபுறம், பார்ப்பதற்கே விருப்பமின்மை மறுபுறம். நோயாளிகளுக்கெனச் சற்று அப்பால் வேறொரு தடாகம் வெட்ட வேண்டியதாயிற்று. சாப்பாட்டுக்கும் கீழ்த்தளத்தில் தனி இடம். 1926 இல் ரூஸ்வெல்ட் தமது சொத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை, அதாவது சுமார் இரண்டு இலட்சம் டொலரைச் செலவிட்டு அந்த இடம் முழுவதையும் விலைக்கு வாங்கினார். அதன்பிறகு விருந்தினர்கள் போக, நோயாளிகள் தங்கினார்கள். வைத்திய உலகின் அங்கீகாரத்தைத் தேடி, அவ்வருடம் அட்லாண்டாவில் கூடிய எலும்பு வைத்தியர்களின் மாநாட்டுக்கு அழைப்பின்றியே போனார். அதன் விளைவாக டொக்டர் லீரோய் ஹபர்ட் பொறுப்பில் 23 நோயாளிகள் அங்கு வைத்து அவதானிக்கப்பட்டார்கள். எல்லோரிடமும் ஏதோவோர் அளவு முன்னேற்றம் காணப்பட்டதாக அறிக்கை வந்தது. 1927 இல் அந்த இடம் இலாப நோக்கற்ற நிறுவனமாயிற்று. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவை வைத்துக்கொள்ளாத அந்த அவதானிப்பை இன்றைய ஆய்வாளர் எவரும் சான்றாக ஏற்கமாட்டார். ஆனால் ஒரு கதவைத் திறக்க அது போதுமாயிருந்தது.

ரூஸ்வெல்ட் குணமடையவில்லை என்பதையும் இங்கு சொல்லியாக வேண்டும். செத்துப்போன நரம்பணுவை எந்த ஊற்று நீரும் உயிர்ப்பிக்காது. கவசமும் ஒரு கைத்தாங்கலும் இல்லாமல் அவர் தரையில் நடந்ததே கிடையாது. எஞ்சிய தசைகளைப் பலப்படுத்தவும், நிமிர்ந்து நிற்கவும், சில அடிகள் நடப்பது போல் காட்டவும் அவர் அங்கு கற்றுக்கொண்டார். நோய் தீர்க்கும் சிகிச்சைக்கும் புனர்வாழ்வுக்குமுள்ள வேறுபாடு இதுவே. விளம்பரங்கள் இன்றும் இவ்விரண்டையும் குழப்பி விற்கின்றன.

இனி, நான் மேலே சொன்ன கேள்வியின் கசப்பான பகுதிக்கு வருகிறேன். நோயாளிகளை ஒதுக்கியவர்களிடமிருந்து தப்பித்து உருவான அந்த இடம், தானும் ஒரு சாராரை ஒதுக்கியது. ஜோர்ஜியாவில் இனப் பிரிவினைச் சட்டங்கள் நடைமுறையில் இருந்த காலம் அது. வோர்ம் ஸ்பிரிங்ஸில் சமைத்தவர்கள், பரிமாறியவர்கள், துப்புரவு செய்தவர்கள் கறுப்பினத்தவர்கள். கறுப்பின நோயாளிகளுக்கு மட்டும் அனுமதி இல்லை. தனியான வசதி கிடையாது என்று காரணம் சொல்லப்பட்டது. கறுப்பினத்தவரை இந்நோய் அதிகம் தாக்குவதில்லை என்ற ஒரு கற்பிதமும் வைத்தியர்களிடையே வசதியாக உலவியது. அவர்களுடைய பிள்ளைகளைப் பரிசோதிக்க ஆளில்லாததால் கணக்கில் வரவில்லை, கணக்கில் வராததால் நோயில்லை. எண்ணப்படாத முழங்கால்கள் என்று நான் தொடக்கத்தில் எழுதியதை வாசகர்கள் இங்கு நினைத்துக்கொள்ளலாம்.

ரூஸ்வெல்ட் 1933 இல் ஜனாதிபதியானார். அடுத்த வருடம் முதல் அவரது பிறந்த தினமான ஜனவரி 30 இல் நாடெங்கும் நடன விழாக்கள் நடத்தி இந்நோய்க்காக நிதி திரட்டினார்கள். முதல் வருடமே பத்து இலட்சம் டொலருக்கு மேல் சேர்ந்தது. 1938 இல் தேசிய நிதியம் ஒன்று நிறுவப்பட்டது. பத்துச் சதக் காசுகளைத் தபாலில் வெள்ளை மாளிகைக்கு அனுப்பும் இயக்கம் அதன் பிறகே பிறந்தது. அந்தக் காசுகளில் கறுப்பினத்தவரின் காசுகளும் இருந்தன. எங்கள் காசுக்கு உள்ளே இடமுண்டு, எங்கள் பிள்ளைகளுக்கு இல்லையா என்ற கேள்வி வலுத்தது. கடைசியில் நிதியம் அலபாமா மாநிலத்தில் கறுப்பினத்தவரின் கல்வி நிறுவனமான டஸ்கிகீயில் அவர்களுக்கெனத் தனி நிலையம் ஒன்றை அமைக்கப் பணம் கொடுத்தது. 1941 ஜனவரியில் அது திறக்கப்பட்டபோது 36 கட்டில்கள் இருந்தன. முழுத் தென் மாநிலங்களுக்கும் 36 கட்டில்கள். அதைப் பிரிவினைக்கான பரிசு என்பதா, கறுப்பின வைத்தியர்களும் தாதியரும் பயிற்சி பெறக் கிடைத்த ஓரிடம் என்பதா? இரண்டுமே உண்மை என்பதுதான் என் கருத்து. இதே டஸ்கிகீயில் விஞ்ஞானி ஜோர்ஜ் வாஷிங்டன் கார்வர் 1930களில் வேர்க்கடலை எண்ணெய் தேய்த்து வாத நோயாளிகளுக்கு இதம் கொடுத்து வந்தார். அவரைத் தேடி வெள்ளையர்களும் வரிசையில் வந்தார்கள். எண்ணெய் பூசும் கையின் நிறத்தை வலி பார்ப்பதில்லை போலும்.

ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12 இல் வோர்ம் ஸ்பிரிங்ஸிலேயே மரணித்தார். சரியாகப் பத்து வருடங்கள் கழித்து, 1955 ஏப்ரல் 12 இல், சோல்க்கின் தடுப்பூசி வெற்றி என்ற அறிவிப்பு வந்தது. அந்தத் தடுப்பூசியின் சோதனைக்குப் பெருந்தொகையான மனிதக் கலங்கள் தேவைப்பட்டன. 1951 இல் புற்றுநோயால் இறந்த ஹென்ரியேட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணிடமிருந்து அவர் அறியாமலே எடுக்கப்பட்ட கலங்களை வளர்த்து நாடெங்கும் அனுப்பிய ஆய்வுகூடம் அமைந்திருந்ததும் டஸ்கிகீயிலேயே. தடாகத்துக்குள் விடப்படாதவர்களின் உழைப்பு, எல்லோருடைய பிள்ளைகளையும் அந்தத் தடாகம் தேவையற்றவர்களாக்கிய தடுப்பூசியில் சேர்ந்தது. நமது நாட்டில் இளம்பிள்ளை வாதத்தின் கடைசி நோயாளி 1993 இல் பதிவானார்.

வாதம் போயிற்று, தடாகம் எஞ்சியது. லொஸ் ஏஞ்சல்ஸின் எலும்பு வைத்தியர் சார்ள்ஸ் லோமன் ஏற்கெனவே தமது வைத்தியசாலையின் அல்லிக் குளத்தைச் சிகிச்சைத் தடாகமாக மாற்றியிருந்தார். 1937 இல் நீருக்கடிப் பயிற்சிகள் பற்றி அவர் எழுதி வெளியிட்ட நூல் அத்துறையின் பாடநூலாயிற்று. கண்டபடி நீந்த விடுவது பிழை, எந்தத் தசைக்கு எவ்வளவு என்று அளந்து கொடுக்க வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. லண்டனில் ஜேம்ஸ் மக்மிலன் என்ற பொறியியலாளர், ஹலிவிக் என்ற மாற்றுத்திறனாளிச் சிறுமிகளின் பாடசாலையில் 1949 முதல் மிதவைகள் எதுவுமின்றி அப்பிள்ளைகளை நீரில் சமநிலை பிடிக்கப் பழக்கினார். அந்த முறை இன்றும் பாடசாலையின் பெயராலேயே அறியப்படுகிறது. பாரிசவாதம், முதுகு வலி, சத்திர சிகிச்சைக்குப் பின்னான புனர்வாழ்வு, மூட்டுத் தேய்வு என்று இன்று அதன் பயன்பாடு விரிந்துவிட்டது.

அது எவ்வளவு தூரம் பலனளிக்கிறது? முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்வு தொடர்பாகக் கொக்ரேன் அமைப்பு 2016 இல் வெளியிட்ட மீளாய்வு, 1190 பேர் பங்குபற்றிய 13 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. நீர்ப் பயிற்சியின் பின் வலியும் இயலாமையும் குறைகின்றன, ஆனால் குறையும் அளவு சிறியது, அதுவும் குறுகிய காலத்துக்கே உறுதியாகத் தெரிகிறது என்பது அதன் முடிவின் சாரம். அதாவது நிறுத்தினால் நின்றுவிடும். நாற்பது நாள் மருந்தல்ல, வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை என்று நீடிக்க வேண்டிய பழக்கம். திறந்த புண், காய்ச்சல், கட்டுப்பாட்டுக்குள் இல்லாத இருதய நோய் உள்ளவர்கள் இறங்கக்கூடாது. தரையில் நடக்கக்கூடியவர்களுக்குத் தரைப் பயிற்சியே பெரும்பாலும் போதும். தரையில் முடியாதவர்களுக்கே நீர் பெறுமதியானது. அப்படித் தரையில் முடியாதவர்கள் நம்மில் யார்?

கட்டிலோரம் அமர்ந்து தொழும் அந்தப் பெண்கள்தாம். ஹோட்டல் தடாகத்துக்கு அவர்கள் போகமாட்டார்கள். கடலைக் காட்டுவோம் என்றால், அலையும் பள்ளமும் உள்ள கரையில் முழங்கால் நோயாளியை இறக்குவது புத்திசாலித்தனமல்ல. எனக்குத் தெரிந்த இயன்மருத்துவர் ஒருவர், நீர்ப் பயிற்சியை எழுதிக்கொடுத்த பெண்களில் அதைச் செய்து பார்த்தவர்கள் மிகச் சிலரே என்றார். ஆடை ஒரு பிரச்சினையா என்று கேட்டேன். உடலை மூடிய ஆடையோடு பயிற்சி செய்யலாம், மிகத் தளர்வாக இருந்தால் நீர் அதை இழுக்கும், அவ்வளவுதான் என்றார். நீந்தத் தெரிந்திருக்கவும் தேவையில்லை, தலை நனையவும் தேவையில்லை. வேண்டியது நெஞ்சளவு ஆழம், பிடித்து இறங்கக் கைப்பிடியோடு படிகள், சற்றுச் சூடான நீர், பெண் பயிற்றுநர் ஒருவர், வாரத்தில் சில மணி நேரம். திருமண மண்டபங்களுக்குக் குளிரூட்டி பூட்ட நிதி சேர்க்கும் நமது சங்கங்களுக்கு இது எட்டாத தொகை என்று நான் நம்பவில்லை. தனி நேரம் கேட்பது, டஸ்கிகீக்கு நிகழ்ந்தது போல, நம்மை நாமே ஒதுக்கிக்கொள்வதாகாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அங்கு உள்ளே வர விரும்பியவர்களுக்குக் கதவு சாத்தப்பட்டது. இங்கு கதவு திறந்திருந்தும் உள்ளே போக முடியாதவர்களைப் பற்றிப் பேசுகிறோம். இரண்டும் ஒன்றல்ல.

இதற்கு முன்மாதிரி தேடி நாம் மேற்குக்குப் போகவும் வேண்டியதில்லை. எட்வர்ட் லேன் என்ற ஆங்கிலேயர் கெய்ரோ மக்களின் வாழ்க்கை முறை பற்றி 1836 இல் வெளியிட்ட நூலில் அந்நகரின் ஹம்மாம்களை விரிவாக வருணித்திருக்கிறார். சில ஆண்களுக்கு மட்டும், சில பெண்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் மட்டும். வேறு சில இரு சாராருக்கும் பொதுவானவை, முற்பகலில் ஆண்கள், பிற்பகலில் பெண்கள். பெண்களின் நேரம் தொடங்கியதும் வாசலில் ஒரு துணியைத் தொங்கவிடுவார்கள். குளிக்க வந்த ஆண்கள் அதைக் கண்டதும் திரும்பிப் போய்விடுவார்கள்.